குடிவழி காத்த குடும்பம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் பேச வருவோர் சங்க இலக்கியத்தையோ, குறளையோ, கம்பனையோ பேசுவது வழக்கம். நானோ ஒரு பார்சிக் குடும்பத்தின் வரலாற்றைப் பேச வந்திருக்கிறேன். தமிழ் மேடையில் பார்சிக் குடும்பத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. பிழைப்புக்காக வேற்றூரிலிருந்து இந்நகருக்கு வந்த குடும்பம் அது. நாமும் அவ்வாறே வந்தவர்கள். அந்தக் குடும்பம் வேரூன்றிய விதத்தை அறிந்தால், நாம் செய்ய வேண்டிய ஒரு கடமை நமக்குப் புலப்படும். அதனால்தான் வாடியா குடும்பத்தின் கதையை எடுத்துக்கொண்டேன்.

குடியேறியவர்களின் வரலாறு உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வகையில்தான் தொடங்குகிறது. கடல் கடந்து ஆள விரும்பும் அரசுக்கு ஆள் வேண்டும். வருகிற ஆளுக்கு நிலம் வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1618ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒரு முறையை வகுத்தனர். கடல் கடந்து வந்து குடியேறுவோர்க்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம். தம் செலவில் பிறரை அழைத்து வருவோர்க்கும், அழைத்து வந்த ஒவ்வொரு தலைக்கும் 50 ஏக்கர். இவ்வாறு நிலம் பெற்ற குடும்பங்களின் கொடிவழியை, பாட்டன் பூட்டன் பெயர் விடாமல், அந்நாட்டார் இன்றும் எழுதிப் போற்றுகிறார்கள். ஆனால் நிலத்தில் முன்பே வாழ்ந்த செவ்விந்தியர் அந்நிலத்தை இழந்தனர். தலைக் கணக்குக்காக அழைத்து வரப்பட்ட கூலியாட்கள் பிறர் நிலத்தைப் பெருக்கும் எண்ணாகவே நின்றனர். இந்த மூன்று வகை மாந்தரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நிலம் பெற்றவர், நிலம் இழந்தவர், கணக்கில் மட்டும் நின்றவர். இந்நகரின் கதையிலும் இம்மூவரும் வருகிறார்கள்.

1661ஆம் ஆண்டில் திருமணச் சீராகப் போர்ச்சுகீசியர் ஆங்கில அரசருக்கு அளித்த தீவுகள் இவை. 1668இல் அரசர் இவற்றை ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். சேறும் காய்ச்சலும் மிகுந்த இத்தீவுகளில் துறைமுகம் மட்டுமே செல்வம். அதைப் பயன்படுத்த வணிகர் வேண்டும், கொல்லர் வேண்டும், தச்சர் வேண்டும். கம்பெனியார் பல ஊர்களிலிருந்தும் தொழில் வல்லாரை அழைத்தனர். அவ்வழைப்பில் வந்தவர்தாம் சூரத்து நகரத்துத் தச்சர் லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா.

வாடியா என்னும் பெயரே தொழிற்பெயர். குசராத்தி மொழியில் அது கப்பல் கட்டுவோரைக் குறிக்கும். லவ்ஜி பிறந்தது 1702ஆம் ஆண்டு. சூரத்தில் கம்பெனிக்காக ஒரு கப்பல் கட்டப்பட்டபோது, அதனைக் காணச் சென்ற பம்பாய் அதிகாரி ஒருவர், மேற்பார்வைத் தச்சராக இருந்த இவருடைய கைத்திறனைக் கண்டு வியந்தார்; பம்பாய்க்கு வருமாறு அழைத்தார். 1736ஆம் ஆண்டில் லவ்ஜி தச்சர் சிலரை உடன் அழைத்துக்கொண்டு இங்கு வந்து சேர்ந்தார். அவர் கொண்டு வந்த முதல் எல்லாம் உளியும் வாய்ச்சியும் அளவுகோலும் தொழிலறிவுமே.

அந்தத் தொழிலறிவு எத்தகையது என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். சூரத்துத் தச்சர்கள் ஒரு பலகையின் விளிம்பைக் குடைந்து, அடுத்த பலகையின் விளிம்பை அதில் பொருந்தச் செருகிக் கப்பலின் புறத்தை அமைத்தார்கள். மரமோ மலையாளக் கரையின் தேக்கு. இங்கிலாந்தின் ஓக்கு மரத்தில் உள்ள புளிப்பு இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப்பசை ஆணியைக் காக்கும், கறையானையும் அண்டவிடாது. ஆகவே ஓக்குக் கப்பல் உளுத்துப் போன பின்னும் தேக்குக் கப்பல் கடலில் நின்றது.

கப்பல் கட்டுவதோடு கப்பலைப் பழுது பார்க்கும் இடமும் வேண்டும். லவ்ஜியின் காலத்தில், 1750ஆம் ஆண்டில், இங்கே கல்லால் ஓர் உலர்துறை அமைந்தது. ஆசியாவிலேயே அதுதான் முதலாவது என்பர். உலர்துறை என்பது எளிய அறிவின் பெரிய பயன். கடல் பொங்கி ஏறும்போது கப்பலை உள்ளே மிதக்கவிடுவார்கள். நீர் வடியும் நேரத்தில் அதுவும் வடிந்துபோக, வாயிலை அடைப்பார்கள். எஞ்சிய நீரை இறைத்துவிட்டால் கப்பலின் அடிப்பாகம் வறண்ட தரையில் நிற்கும், தச்சர் அதன் கீழே சென்று வேலை செய்வர். 1762இலும் 1765இலும் மேலும் இரண்டு துறைகள் சேர்ந்தன. மேலை நாட்டுக் கப்பல்கள் பழுது பார்க்கப் பம்பாயை நாடி வந்தன. இந்நகர் பெருநகரானதற்கு அடிக்கல் இட்டவற்றுள் இத்துறையும் ஒன்று. 1774இல் லவ்ஜி மறைந்தார்.

அவருக்குப் பின் மக்கள் மானக்ஜியும் போமன்ஜியும், பேரர்கள் பிராம்ஜியும் ஜம்ஷெட்ஜியும், கொள்ளுப்பேரர் நவுரோஜியும் என, தலைமைத் தச்சர் பதவி தந்தைக்குப் பின் மகன் கைக்குச் சென்றது. ஏறத்தாழ 150 ஆண்டுகள், 1884 வரை, அது அக்குடும்பத்தை விட்டு நீங்கவில்லை. 300க்கும் மேற்பட்ட கப்பல்கள் அவர்கள் கைப்பட உருவாயின. பதவி பிறப்பால் வந்ததெனினும், தகுதி பிறப்பால் வரவில்லை. இளையோர் சிறுவயதிலேயே மூத்தோரிடம் கைவேலை பழகிய பின்னரே தலைமைக்கு வந்தனர். இதனை நான் அழுத்திக் கூற விரும்புகிறேன். ஒரு குடும்பம் ஐந்து தலைமுறை நிலைத்து நின்றது நிலத்தால் அன்று, கற்றதைக் கற்பித்ததால்.

ஜம்ஷெட்ஜி போமன்ஜியின் காலம் இக்குடும்பத்தின் பொற்காலம். 1810இல் அவர் கட்டிய 'மிண்டன்' 74 பீரங்கிகள் பூட்டிய பெரும் போர்க்கப்பல். ஆங்கிலக் கடற்படைக்கென அத்தகைய கப்பல் இங்கிலாந்துக்கு வெளியே கட்டப்பட்டது அதுவே முதன்முறை. அவருடைய ஓவியம் ஒன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அளவுகோலோடு காணப்படுகிறார். வாளும் இல்லை, செங்கோலும் இல்லை. தச்சனின் அளவுகோலே அவருக்குச் சிறப்புச் சின்னம். இவரைப் பற்றி ஒரு கதையும் வழங்குகிறது. 1800ஆம் ஆண்டில் கட்டிய ஒரு கப்பலின் அடிமரத்தில், எவர் கண்ணிலும் படாத இடத்தில், ஆங்கிலேயர் தம்மை எந்த வசைச் சொல்லால் அழைத்தார்களோ அதே சொல்லால், இதனைக் கட்டியவன் இன்னான் என்று செதுக்கி வைத்தாராம். பல ஆண்டுகள் கடலில் உழன்று கப்பல் திரும்பி வந்தபோது அதனைக் காட்டி நகைத்தாராம். கதையோ உண்மையோ, உழைத்தவனின் உள்ளக் குமுறல் அதில் ஒலிக்கிறது.

1817ஆம் ஆண்டில் இங்கே கடலில் இறங்கிய மற்றொரு கப்பலைத் தமிழராகிய நாம் மறக்கலாகாது. 'திரிங்கோமலி' என்பது அதன் பெயர். நம் ஈழத்துத் திருகோணமலையே ஆங்கிலேயர் நாவில் அவ்வாறு திரிந்தது. மலையாளத் தேக்கு, சூரத்துத் தச்சர் வழியினரின் கைத்திறன், தமிழூரின் பெயர் ஆகிய மூன்றும் கூடிய அந்தக் கப்பல் இருநூறு ஆண்டு கடந்து, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்து நிற்கிறது. அந்நாட்டுப் போர்க்கப்பல்களுள் இன்றும் நீரில் மிதப்பனவற்றில் இதுவே மிகப் பழையது.

புகழை மட்டும் கூறி மறுபக்கத்தை மறைத்தல் வரலாறு ஆகாது. இக்கப்பல்கள் யாருக்குப் பயன்பட்டன? 1813இல் இங்கு கட்டிய 'கார்ன்வாலிஸ்' என்னும் கப்பலில்தான், அபினிப் போரில் தோற்ற சீனா 1842ஆம் ஆண்டில் நான்கிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு ஹாங்காங் தீவை இழந்தது. கட்டியது நம் நாட்டவர் கை. ஆண்டது பிறர் கொடி. அடிமைப்பட்ட நாட்டின் கைத்திறன் ஆண்டவனின் படைக்கலமாயிற்று.

அடுத்து ஒருவரைச் சொல்ல வேண்டும். லவ்ஜியின் வழியில் 1808இல் பிறந்த அர்தசீர் குர்செட்ஜி, மரக்கப்பலின் காலம் முடிந்து நீராவியின் காலம் வருவதை முன்னரே உணர்ந்தார். 1834இலேயே மசகானில் இருந்த தம் இல்லத்தில் எரிவாயு விளக்கேற்றிக் காட்டினார். இங்கிலாந்து சென்று எந்திரத் தொழில் கற்றார்; சென்ற பயணத்தை நாட்குறிப்பாக எழுதி நூலாகவும் வெளியிட்டார். 1841இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. அப்பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே. இரண்டாமவர் யார் தெரியுமா? 77 ஆண்டுகள் கழித்து, 1918இல், ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த நம் சீனிவாச இராமானுசன்! கம்பெனியின் நீராவித் தொழிற்சாலைக்குத் தலைமைப் பொறியாளராகி, ஐரோப்பியரையும் தமக்குக் கீழ் வைத்து வேலை வாங்கியவர் அர்தசீர். காலம் மாறும்போது பழந்தொழிலைக் கட்டிக்கொண்டு அழாமல் புதுத்தொழில் கற்ற அறிவு அது.

இனி நிலத்தின் கதைக்கு வருவோம். இக்கதை நம் வீட்டு வாசலில் நடந்தது.

லவ்ஜியின் பேரரும் ஜம்ஷெட்ஜியின் உடன்பிறந்தவருமான ஹோர்மஸ்ஜி போமன்ஜி, தச்சராக அன்றி வணிகராக விளங்கியவர். கோட்டைப் பகுதியில் அப்போலோ துறைவாயிலுக்கு அருகே அவருக்கிருந்த நிலம் கம்பெனிக்குத் தேவைப்பட்டது. அதற்கு ஈடாக, 1808ஆம் ஆண்டில், சால்செட் தீவில் ஏழு ஊர்களைக் கம்பெனி அவருக்கு அளித்தது. அவ்வூர்களின் பெயரைக் கேளுங்கள்: குர்லா, மோகிலி, கோலே கல்யாண், மரோல், சகார், அசல்பா, பர்ஜாபூர். இவற்றுள் சில பெயர்கள் உங்கள் காதில் நாள்தோறும் விழுவன அல்லவா? நாம் இரயில் மாறும் குர்லா அது. பல்கலைக்கழக வளாகம் அமைந்த கலீனா, பழைய கோலே கல்யாண். ஊரிலிருந்து வானூர்தியில் வரும் நம் உறவினர் இறங்கும் நிலையம் சகாரில் உள்ளது. தாராவியிலிருந்து மீத்தி ஆற்றைக் கடந்தாலும், செம்பூரிலிருந்து மேற்கே நடந்தாலும், அந்தப் பழைய இனாம் நிலத்தின் எல்லைக்குப் போய்விடலாம். ஹோர்மஸ்ஜிக்குப் பின் அவர் மகன் அர்தசீர் ஹோர்மஸ்ஜியின் கைக்கு அவ்வுடைமை வந்தது. குர்லாவில் ஒரு சாலை ஏ.எச்.வாடியா என்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கோட்டைக்குள் ஒரு துண்டு நிலத்துக்கு ஏழு ஊர் ஈடானது எப்படி? அன்று குர்லா சேறும் உப்பளமும் நெல்வயலும் நிறைந்த தொலைவூர். சயானையும் குர்லாவையும் இணைக்கும் கரைப்பாதை அக்காலத்தில்தான் உருவாயிற்று. 1853இல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு நாட்டின் முதல் பயணி இரயில் ஓடியபோது அது குர்லா வழியே சென்றது. பின்னர் பஞ்சாலைகள் எழுந்தன. நிலம் அசையவில்லை, நகரம் அதை நோக்கி நடந்து வந்தது. கையில் சாசனம் வைத்திருந்தவரின் செல்வம் தானே வளர்ந்தது.

ஆனால் 1808இல் அந்த ஏழு ஊர்களும் வெற்று நிலமாகவா கிடந்தன? இல்லை. கோலி இன மீனவரும், உப்பு விளைத்த ஆக்ரியரும், கிறித்தவ உழவரும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தனர். நேற்று வரை கம்பெனிக்கு வரி செலுத்தினர். மறுநாள் முதல் புதிய நிலவுடைமையாளருக்குச் செலுத்தினர். சாசனத்தில் ஹோர்மஸ்ஜியின் பெயர் இருந்தது. வலை வீசியவன் பெயர் இல்லை. லவ்ஜியோடு சூரத்திலிருந்து வந்த தச்சர் பெயர் நமக்குத் தெரிகிறதா? உலர்துறைக்குக் கல் சுமந்த கூலியாளின் பெயர் தெரிகிறதா? மூன்று வகை மாந்தர் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அவர்கள் இவர்கள்தாம்.

செல்வத்தை அக்குடும்பம் எவ்வாறு பயன்படுத்தியது என்பதையும் கூற வேண்டும். அவர்கள் கிளையில் தோன்றிய நவுரோஜி வாடியா 1879இல் 'பாம்பே டையிங்' ஆலையைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் ஜெர்பாய், வீடற்ற பார்சிக் குடும்பங்களுக்காகக் குறைந்த வாடகைக் குடியிருப்புகளை எழுப்பினார். நவுரோஜியின் பெயரால் 1926இல் பரேலில் மகப்பேறு மருத்துவமனையும், ஜெர்பாய் பெயரால் 1929இல் குழந்தைகள் மருத்துவமனையும் எழுந்தன. ஆலைத் தொழிலாளரின் மனைவியர் பாதுகாப்பாகப் பிள்ளை பெற வேண்டும் என்ற நோக்கத்தில் எழுந்தவை அவை. சாதி, சமயம், மொழி பாராமல் ஏழைகள் அங்கே சென்றனர். இந்த அவையில் இருப்போருள் எத்தனை பேர் 'வாடியாவில் பிறந்தவன்' என்று சொல்லிக்கொள்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்! திரைப்படத்திலும் அக்குடும்பத்தின் கை இருந்தது. ஜே.பி.எச். வாடியாவும் ஹோமி வாடியாவும் 1933இல் 'வாடியா மூவிடோன்' நிறுவனத்தைத் தொடங்கி, பரேலில் மூதாதையின் பெயர் தாங்கிய லவ்ஜி மாளிகையிலேயே படப்பிடிப்புக் கூடம் அமைத்தனர். வீர நங்கை நாடியாவின் படங்கள் அங்கேதான் உருவாயின.

இவையெல்லாம் எனக்கும் உங்களுக்கும் எவ்வாறு தெரிகின்றன? அவர்கள் எழுதி வைத்தார்கள். சாசனத்தைக் காத்தார்கள். கப்பலின் பெயரையும் ஆண்டையும் குறித்தார்கள். பயணம் போனவர் நாட்குறிப்பு எழுதினார். 1955இல் ஆர்.ஏ.வாடியா என்னும் வழித்தோன்றல், பம்பாய்க் கப்பல் துறையையும் தம் முன்னோரையும் பற்றி ஒரு பெருநூலே எழுதி முடித்தார். உழைப்பு அவர்களை உயர்த்தியது. எழுத்து அவர்களை மறையாமல் காத்தது.

தமிழ்ப் பெருமக்களே! இப்போது நம்மைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நெல்லைச் சீமையிலிருந்து நம் மக்கள் தாராவிக்கு வந்தனர். தோல் பதனிடும் தொழிலை, மற்றவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிய அத்தொழிலை, தம் கைகளால் செய்து இந்நகருக்குச் செல்வம் ஈட்டித் தந்தனர். சதுப்பு நிலத்தில் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கிக் குடியிருந்தனர். நிலத்தை எவரும் அவர்களுக்கு அளிக்கவில்லை. அவர்கள்தாம் அதனை நிலமாக்கினர். எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் வந்தோர் மாதுங்காவில் குடியேறி, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் போன்ற நிறுவனங்களைக் கண்டனர். பின் வந்தோர் செம்பூரை நிரப்பினர். இவர்களின் வரலாறு லவ்ஜியின் வரலாற்றுக்கு எவ்வகையில் குறைந்தது? எழுதப்படவில்லை என்ற ஒன்றில்தான்!

எழுதாமை வெறும் பெருமைக் குறைவாக மட்டும் நிற்கவில்லை. வீட்டையே பறிக்கும் குறையாக வளர்ந்துவிட்டது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 சனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததாக ஆவணம் காட்டுவோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. காட்ட முடியாதோர் வேறிடம் செல்ல வேண்டும். மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பம், பாட்டனார் வந்த ஆண்டைச் சொல்லத் தெரியாமல், மழையில் நனைந்து போன காகிதத்தைத் தேடி அலைகிறது. அதே நகரில், 2023ஆம் ஆண்டில், 'பாம்பே டையிங்' நிறுவனம் வொர்லியில் ஏறத்தாழ 22 ஏக்கர் நிலத்தை ஏறத்தாழ 5,200 கோடி ரூபாய்க்கு விற்க முடிவு செய்தது. இதைப் பொறாமையால் கூறவில்லை. பத்திரத்தில் ஏறிய பெயருக்கும் ஏறாத பெயருக்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்பதைக் காட்டவே கூறினேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இவ்வாண்டு முடிவதற்குள் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் ஒரு குறிப்பேடு வாங்குங்கள். முதலில் இந்நகருக்கு வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யாரை நம்பி வந்தார், என்ன வேலை செய்தார், எங்கே குடியிருந்தார் என்று எழுதுங்கள். வந்த பாட்டியின் பெயரையும் எழுதுங்கள். ஆண்கள் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் முதியோர் இருந்தால் இன்றே அவர்களிடம் கேளுங்கள். நாளை என்பது அவர்கள் வயதில் உறுதியில்லாத சொல். குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சான்றிதழ், ஆலையின் சம்பளச் சீட்டு, மின்கட்டண இரசீது ஆகியவற்றை ஆண்டு வாரியாக அடுக்கிப் படியெடுத்து வையுங்கள். சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வோர் ஆண்டு மலரிலும் நான்கு பக்கங்களை ஒதுக்கி, குடும்பத்துக்கு ஒரு பத்தியாக இவ்வரலாற்றை வெளியிடுங்கள். பத்து ஆண்டில் மும்பைத் தமிழர் வரலாறு தானே உருவாகிவிடும்.

அந்தக் குறிப்பேட்டில் இன்னும் ஒன்றையும் எழுத மறவாதீர்கள். நாம் வந்தபோது இங்கே முன்பே இருந்தவர் யார், நமக்குத் தண்ணீர் தந்தவர் யார், பக்கத்துக் குடிசையில் இருந்த கோலியர் யார், குசராத்திக் குயவர் யார், மராத்தியத் தாய் யார் என்பதையும் எழுதுங்கள். நிலம் பெற்றவர் பெயரை மட்டும் எழுதிய பழைய சாசனத்தின் குறை நம் ஏட்டிலும் நேர்ந்துவிடக் கூடாது.

லவ்ஜி வழியினரின் கப்பல் இன்றும் மிதக்கிறதென்றால், அதன் ஒவ்வொரு பலகையையும் பொருத்தியவர் நூற்றுக்கணக்கானவர். அவர்கள் பெயர் கடலோடு போயிற்று. தாராவியின் தெருக்களைப் பொருத்தி அமைத்தவர் பெயர் அவ்வாறு போக விடலாகாது. அதைக் காக்க ஏழு ஊர் இனாம் வேண்டாம். ஓர் ஏடும் ஓர் எழுதுகோலும் போதும்.